கருவி பொருத்தினால் மட்டும் குழந்தை பேசிவிடுமா?

பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யப் பல லட்சம் ரூபாய் ஆகும். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது இலவசமாகவே கிடைக்கிறது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் இந்த வாய்ப்பு எட்டியிருப்பது பெரிய காரியம். ஆனால், ‘ஆபரேஷன் முடிஞ்சாச்சு, இனி பேசிடுவான்’ என்ற நம்பிக்கையோடு வீடு திரும்பும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். உண்மையான உழைப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

கருவி என்ன செய்கிறது?

சாதாரண காது மெஷின் ஒலியைப் பெரிதாக்கித் தரும். உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் மயிரிழைச் செல்கள் பெருமளவு பழுதாகியிருந்தால், எவ்வளவு பெரிதாக்கினாலும் பேச்சு தெளிவாகக் கேட்காது. காக்ளியர் கருவி அந்தச் செல்களின் வேலையைத் தானே ஏற்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் பிராசசர் ஒலியை மின் சமிக்ஞையாக மாற்றுகிறது. தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் ‘காயில்’ (கம்பிச்சுருள்) அதைத் தோலுக்கு அடியில் உள்ள பகுதிக்கு அனுப்புகிறது. காக்ளியாவுக்குள் செலுத்தப்பட்ட மின்முனைகள் செவிநரம்பைத் தூண்டுகின்றன. செவிநரம்பே இல்லாத குழந்தைக்கு இது பயன்படாது. அதனால்தான் முதலில் ஸ்கேன் எடுக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம்?

கேட்டுப் பழகும் திறன் மூளையில் முதல் மூன்று, மூன்றரை வயதுக்குள் வேகமாக வளர்கிறது. ஒலியே எட்டாமல் போனால், மூளையில் கேட்பதற்கான பகுதி மற்ற புலன்களின் வேலைக்குத் திரும்பிவிடும். ஆறு வயது வரை திட்டத்தில் இடம் இருப்பதால் அதுவரை காத்திருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சையின் தொடக்கம் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் அளவுகோல். இங்கோ, ‘அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு’ என்ற பாட்டியின் ஆறுதலிலேயே இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகள், குறைமாதக் குழந்தைகள், பிறந்ததும் கடும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகள் ஆகியோருக்குக் கூடுதல் கவனம் தேவை.

வீடுதான் பள்ளி

அறுவை சிகிச்சை முடிந்து மூன்று, நான்கு வாரம் கழித்துக் கருவியை ‘சுவிட்ச் ஆன்’ செய்வார்கள். முதல் ஒலி கேட்டதும் பல குழந்தைகள் மிரண்டு அழும். குழந்தைக்குப் பொருந்தும் அளவில் ஒலியைச் சரிசெய்யும் ‘மேப்பிங்’ அதன்பின் பலமுறை நடக்கும். பயிற்சியில் அம்மா வாயை மறைத்துக்கொண்டு ‘ஆ’, ‘ஈ’, ‘ஊ’, ‘ம்’, ‘ஷ்’, ‘ஸ்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். கேட்டால் குழந்தை டப்பாவில் ஒரு மணியைப் போட வேண்டும். ‘ம்’ சொன்னதும் போடுகிற குழந்தை ‘ஸ்’ஸுக்குச் சும்மா இருந்தால், மேப்பிங்கைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். இந்தப் பயிற்சி வாரம் ஒருமுறை சென்டருக்குப் போவதோடு முடிவதில்லை. சமைக்கும்போதும் குளிப்பாட்டித் தலை துவட்டும்போதும் வீட்டார் அனைவரும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லைகள் உண்டு

இயல்பான காதில் ஆயிரக்கணக்கான மயிரிழைச் செல்கள் செய்யும் வேலையை, இங்கே சுமார் 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. எனவே இரைச்சலான வகுப்பறையில் பேச்சைப் பிரித்தறிவது கடினம். குழந்தையை ஆசிரியருக்கு அருகில் முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். பிராசசரைக் கழற்றினால் மீண்டும் நிசப்தம்தான். சைகை மொழி பேச்சைக் கெடுத்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை. கருவி கைகொடுக்காத குழந்தைக்கு அதுவே முழுமையான மொழி.

பராமரிப்புதான் பெரிய சுமை

பிராசசருக்கு வியர்வையும் ஈரமும் பகை. தினமும் இரவில் அதை உலர்பெட்டியில் வைக்க வேண்டும். கேபிள் அறுந்தாலோ காயில் பழுதானாலோ ஆயிரக்கணக்கில் செலவு. வாரன்டி முடிந்து பிராசசரையே மாற்ற நேர்ந்தால் லட்சங்கள் ஆகும். அந்தப் பணம் இல்லாத வீட்டில் கருவி பெட்டிக்குள் போகிறது. பேசத் தொடங்கிய பிள்ளை மறுபடியும் எதுவும் கேளாமல் உட்கார்ந்திருக்கிறது.

பல லட்சம் செலவிட்டுக் கருவியைப் பொருத்தும் அரசு, அது உழைக்கும் காலம் முழுவதும் உதிரிபாகங்களுக்கும் பயிற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும். பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று: பிரசவ ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன், ‘என் குழந்தைக்குக் காது டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்று கேளுங்கள்.