அடைக்கலமேரி: காப்பவளா, காக்கப்படுபவளா?

அரியலூர், பெரம்பலூர் பக்கம் கத்தோலிக்கக் குடும்பங்களில் பாட்டி, பெரியம்மா தலைமுறையில் அடிக்கடி கேட்கும் பெயர் அடைக்கலமேரி. ஆபீஸுக்குப் போனால் சுருங்கி 'மேரி' ஆகிவிடும். வெட்டுப்படுவது என்னவோ தமிழ்ப் பாதிதான்!

பெயர் வந்த வழி, அரியலூர் மாவட்டத்தின் ஏலாக்குறிச்சி. 1680-ல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் இங்கே கோயில் கட்டி, மாதாவை 'அடைக்கல மாதா' என்றார். ஊருக்கும் 'திருக்காவலூர்' என்று பெயர் வைத்து, அதன்மேல் கலம்பகமே பாடினார். பெண் பிறந்தால் அடைக்கலமேரி, ஆண் என்றால் அடைக்கலசாமி, அடைக்கலராஜ்.

சரி, அர்த்தம்? புகலிடம் என்று உடனே சொல்லிவிடலாம். ஆனா நம்பி ஒப்படைக்கப்பட்டதும் அடைக்கலம்தான். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்ற இடைக்குலப் பெண்ணிடம் ஒப்படைக்கிறார். அங்கே அடைக்கலம், கண்ணகியேதான். ஆக, மாதாவைச் சொன்னால் காப்பவள். அவளை நம்பி விட்ட பிள்ளையைச் சொன்னால் காக்கப்படுபவள். ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது.

மெக்சிகோவிலும் இதே கதை உண்டு. புகலிட மாதாவின் பெயரால் அங்கே பெண்களுக்கு 'ரெஃபூஹியோ' என்று வைப்பார்கள். வீட்டில் செல்லமாக 'குக்கா'.