பட்டியல் மௌனமாக இருந்தால்...

மகளின் பல்கலைக்கழக விண்ணப்ப முடிவுத் திகதி வெளியாகிவிட்டதா என்று தினமும் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கின்றீர்களா? அவ்வேலையைக் கருவிகளிடம் ஒப்படைக்கலாம். ‘அப்பிஃபை’ குறித்த நேரத்தில் பக்கத்தைப் படித்து விபரத்தைத் திரட்டும். 2011இல் தோன்றிய ‘ஸேப்பியர்’ அதைப் பெற்று, 2007இல் ஆரம்பமான ‘டுடூயிஸ்ட்’ வேலைப்பட்டியலில் திகதியுடன் பதிந்துவிடும்.

ஆனால், பக்கத்தின் அமைப்பு மாறினால் கருவி வெறுங்கையுடன் திரும்பும். பட்டியலில் எதுவும் ஏறாது. அந்த மௌனத்தை ‘அறிவித்தல் இன்னும் வரவில்லை’ என எண்ணியிருந்தால், பிள்ளையின் ஓர் ஆண்டே வீணாகலாம்.

எனவே, ‘இன்று எதுவும் கிடைக்கவில்லை’ என்பதையும் பட்டியலில் எழுதும்படி ஒழுங்கு செய்யுங்கள். அவ்வரியும் வராத நாளில் கருவி பழுதென்று அறிவீர்கள். வாரம் ஒருமுறையேனும் பக்கத்தை நீங்களே பாருங்கள். கருவி நினைவூட்டும், பொறுப்பு நம்முடையதே.