இடுப்பு பிடிச்சிருச்சா? படுத்தே கிடக்காதீங்க!

காலை ஆறரை மணி. வாசலில் 20 லிட்டர் தண்ணீர் கேன் வந்து இறங்கியிருக்கிறது. அதை அடுப்படிக்குக் கொண்டுபோகக் குனிந்து ஒரே தம்மில் தூக்குகிறோம். இடுப்பில் ‘சுருக்’கென்று ஒரு பிடி. நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்கிறார்: “அசையாம படுத்திருங்க. பத்து நாளைக்கு எந்திரிக்கவே கூடாது.”

மதுரை கே.கே. நகரிலும் சரி, மற்ற ஊர்களிலும் சரி, இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. அக்கா அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த அறிவுரை இன்றைக்குச் செல்லுபடியாகாது. சாதாரண இடுப்பு வலிக்கு நீண்ட நாள் படுக்கை மருந்தல்ல. தாங்கும் அளவுக்கு நடமாடுவதுதான் மருந்து. பத்து நாள் படுத்தால் தசை தளரும், வலி இழுத்துக்கொண்டே போகும். தினக்கூலிக்காரர் என்றால் பத்து நாள் வருமானமும் போகும்.

உலக அளவில் 2020-ஆம் ஆண்டில் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ் முதுகு வலியால் அவதிப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மனிதர்களை முடக்கிப்போடும் காரணங்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது. நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத்தாவணி சந்தையில் மூட்டை சுமப்பவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் நாற்காலியே கதியாக இருப்பவர், சுற்றுவட்டார கிராமங்களில் குனிந்து மல்லிகை பறிப்பவர், வீட்டு வேலை மொத்தத்தையும் தலையில் போட்டுக்கொண்டவர் என்று எல்லோருக்கும் இது பொது வலி.

வலி எதனால் வருகிறது?

நம் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் ஐந்து பெரிய எலும்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே ‘டிஸ்க்’ எனப்படும் மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன. சுற்றிலும் தசைகளும் தசைநார்களும் தாங்கிப் பிடிக்கின்றன. கீழ் முதுகு வலியில் 100-க்குச் சுமார் 90 பேருக்கு, ‘இந்த எலும்புதான், இந்த நரம்புதான்’ என்று சுட்டிக்காட்டும்படி குறிப்பிட்ட நோய் எதுவும் இருப்பதில்லை. தசையும் மூட்டும் சோர்ந்து, இறுகிப் போனதால் வரும் வலியே அதிகம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் நன்றாகக் குறைந்துவிடும்.

சரி, நடமாடினால் எப்படிக் குறையும்? பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக் குழாய் கிடையாது. நாம் நடக்கும்போதும் நிமிரும்போதும் வளையும்போதும் அது ஸ்பாஞ்சு போல அழுந்தி விரிகிறது. அந்த அசைவு, சுற்றியுள்ள சத்தும் நீரும் உள்ளே போக உதவுகிறது. தசைகளும் வேலை கொடுத்தால்தான் வலுவாக இருக்கும்.

முதல் இரண்டு மூன்று நாள் என்ன செய்யலாம்?

ரொம்ப வலித்தால் சிறிது நேரம் படுங்கள், தப்பில்லை. மல்லாந்து படுத்து முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை வையுங்கள். ஆனால் மணிக்கு ஒரு தடவையாவது எழுந்து வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடங்கள்.

எழுந்திருக்கும்போது நேராக நிமிராதீர்கள். முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

வெந்நீர்ப் பை அல்லது கல் உப்பை வறுத்துத் துணியில் கட்டிய ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம் கொடுக்கலாம். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் கவனமாக இருக்கணும். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்த பிறகே வையுங்கள்.

‘கால் முதலில் வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும்’ என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தயவுசெய்து யாரையும் முதுகில் மிதிக்க விடாதீர்கள். எலும்புத் தேய்மானம் உள்ள வயதானவர்களுக்கு எலும்பே முறிந்துபோகலாம். எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்போது உடனே மருத்துவமனை?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

• சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது, அல்லது சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்வது
• தொடையின் உள்பக்கம், ஆசனவாய்ப் பகுதி மரத்துப் போவது
• காலில் பலம் குறைந்து, பாதம் தரையில் இழுபடுவது
• கீழே விழுந்த பிறகோ, விபத்துக்குப் பிறகோ வந்த வலி
• காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் தூங்கவிடாத வலி
• முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகு வலி

முதல் மூன்றும் நரம்பு நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். நடக்க முடியாத நிலை என்றால் 108-ஐ அழையுங்கள். வாரக்கணக்கில் முதுகு வலி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு மூன்றும் சேர்ந்திருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கான பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

ஸ்கேன், பெல்ட், மாத்திரை

“ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டா நிம்மதி” என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தபோது, 20 வயதினரில் சுமார் 30 சதவீதம் பேருக்கும், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் தெரிந்தது. தலைமுடி நரைப்பது போல இதுவும் வயதோடு வருவதுதான். எனவே ஸ்கேன் அறிக்கையில் ‘டிஸ்க் பிதுக்கம்’ என்று பார்த்தவுடன் பயந்துவிட வேண்டாம். மேலே சொன்ன அபாய அறிகுறி இருந்தாலோ, வாரக்கணக்கில் குறையாவிட்டாலோ மருத்துவரே ஸ்கேன் எழுதித் தருவார்.

இடுப்பு பெல்ட்டும் அப்படித்தான். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் வழக்கமான சிகிச்சையாக இடுப்பு பெல்ட்டும், இடுப்பை இழுத்துக் கட்டும் ‘டிராக்‌ஷன்’ முறையும் வேண்டாம் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. உடற்பயிற்சியும், வலியைப் பற்றிய சரியான புரிதலும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன.

மெடிக்கலில் வாங்கிப் போடும் வலி மாத்திரையில் எச்சரிக்கை தேவை. சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சில வலி மாத்திரைகள் கேடு செய்யும். ‘போன தடவை கேட்டுச்சு’ என்று நாமாகத் தொடர வேண்டாம்.

தூக்கறது, குனியறது, உட்கார்றது

தண்ணீர் கேனில் 20 கிலோ தண்ணீர் இருக்கிறது. நிரம்பிய வீட்டு சிலிண்டரில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ. உருளையின் எடையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 30 கிலோ. இவற்றைத் தூக்க ஒரு முறை உண்டு:

1. பொருளுக்குப் பக்கத்தில் போய், காலை அகட்டி நில்லுங்கள்.
2. இடுப்பை மட்டும் வளைக்காமல், முழங்காலை மடக்கித் தாழுங்கள்.
3. பொருளை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடியுங்கள்.
4. மூச்சை அடக்காமல், காலின் பலத்தில் எழுங்கள்.
5. திரும்ப வேண்டுமென்றால் இடுப்பை முறுக்காமல், காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

முடிந்தால் தூக்கவே வேண்டாம். கேனிலிருந்து சிறு பாத்திரத்தில் பிடித்து ஊற்றலாம், அல்லது இரண்டு பேராகத் தூக்கலாம். ஒரே இடுப்பில் குடம் சுமப்பவர்கள் பக்கத்தை மாற்றி மாற்றிச் சுமக்கணும்.

வீடு கூட்ட நீளமான கைப்பிடி உள்ள துடைப்பம் நல்லது. சமையல் மேடை முன் நெடுநேரம் நின்றால் ஒரு காலைச் சிறு பலகை மேல் வைத்து, அவ்வப்போது மாற்றுங்கள். வயலில் பூப்பறிப்பவர்கள் ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இடுப்பில் கை வைத்து, நிமிர்ந்து, ஐந்து தடவை மெதுவாகப் பின்னால் சாயலாம்.

உட்கார்ந்து வேலை செய்பவர்கள் பின்பாக்கெட்டில் பர்ஸை வைத்து உட்கார வேண்டாம். நாற்காலியின் உட்பக்கம் வரை நகர்ந்து உட்காருங்கள். இடுப்புக்குப் பின்னால் சுருட்டிய துண்டு ஒன்று வைத்தால் போதும், விலை உயர்ந்த குஷன் தேவையில்லை. ‘இப்படித்தான் உட்காரணும்’ என்று ஒரே ஒரு சரியான நிலை கிடையாது. எந்த நிலையும் நீண்ட நேரம் நீடித்தால்தான் சிக்கல்.

இங்கே உங்கள் கைபேசி உதவும். 40 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அடித்ததும் எழுந்து ஒரு நிமிடம் நடங்கள். போன் வந்தால் உட்கார்ந்து பேசாமல் நடந்துகொண்டே பேசுங்கள். படம் பார்க்கும்போது கழுத்தைத் தொங்கப் போடாமல், கைபேசியைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள்.

உட்காருவதும் உங்கள் உரிமை

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டது. அதில் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவின்படி, ஒவ்வொரு கடையும் நிறுவனமும் பணியாளர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி செய்து தரணும். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். கேரளத்துக்கு அடுத்தபடியாக இப்படிச் சட்டம் கொண்டுவந்தது தமிழ்நாடுதான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரும் பணியாளரைப் பார்த்து ‘சோம்பேறி’ என்று நினைக்காமல் இருப்பது நம் கடமை. இருக்கை இல்லையென்றால் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ, முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லோ தெரிவிக்கலாம்.

தினமும் 10 நிமிடம்: நான்கு பயிற்சிகள்

கடும் வலி தணிந்த பிறகு, பாய் விரித்துச் செய்யுங்கள். ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை.

• மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்பை நோக்கி இழுத்து, 10 எண்ணி விடுங்கள். பிறகு அடுத்த கால்.
• முழங்காலை மடக்கிப் படுத்து, வயிற்றை உள்ளிழுத்து, இடுப்புக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை அழுத்தி மூடுங்கள். 5 எண்ணி விடுங்கள்.
• அதே நிலையில் பாதத்தை ஊன்றி, இடுப்பை மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள்.
• கை, முழங்கால் ஊன்றி நின்று, பூனை போல முதுகை மேலே வளைத்து, பிறகு கீழே தாழ்த்துங்கள்.

லேசாகப் பிடிப்பது போலத் தெரிந்தால் பரவாயில்லை. வலி காலுக்குள் இறங்கினால் நிறுத்திவிட்டு ஆலோசனை கேளுங்கள். கர்ப்பிணிகளும் முதுகில் அறுவை சிகிச்சை செய்தவர்களும் கேட்டுவிட்டே தொடங்கணும்.

செலவில்லாத மருந்து நடை

இடுப்பு வலி சரியானாலும் திரும்ப வருவதுதான் பெரிய தொல்லை. ஆஸ்திரேலியாவில் வலியிலிருந்து மீண்ட 701 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. இயன்முறை மருத்துவர் வழிகாட்டுதலோடு படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு 208 நாள் வரை வலி திரும்பவில்லை. அப்படிச் செய்யாதவர்களுக்கு இது 112 நாள்தான்.

முதல் வாரம் தினம் 10 நிமிடம் நடங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் 5 நாள், 30 நிமிடம் என்ற அளவுக்கு வாருங்கள். கே.கே. நகர்க்காரர்களுக்கு வண்டியூர் கண்மாய்ப் பக்கம் காலை நடைக்கு ஏற்றது. தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4 அன்று தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் தேர்வு செய்யப்பட்டன. எட்டையும் ஒரே நாளில் நடக்கணும் என்றில்லை. முடிந்தவரை நடந்தால் போதும்.

அரசு சேவைகளை எப்படிப் பெறுவது?

• 104: மருத்துவ ஆலோசனைக்கான இலவச தொலைபேசி எண்.
• இ-சஞ்சீவனி: கைபேசி எண்ணைப் பதிந்து, வீட்டிலிருந்தே மருத்துவரிடம் காணொளியில் இலவசமாகப் பேசலாம்.
• நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம்: முதலில் இங்கே காட்டுங்கள். தேவைப்பட்டால் அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே இயன்முறை சிகிச்சையும் உண்டு.
• மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் இதில் அடங்கும். உங்கள் பகுதி சுகாதார தன்னார்வலரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பெயரைப் பதியுங்கள்.

அடுத்த முறை பக்கத்து வீட்டில் யாருக்காவது இடுப்பு பிடித்தால், “படுத்தே கிடங்க” என்று சொல்லாதீர்கள். முதலில் அபாய அறிகுறி ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், “மெதுவா எந்திரிங்க, வாசல் வரைக்கும் ஒரு நடை நடந்துட்டு வருவோம்” என்று கூட நடங்கள்.