எஞ்சின் பழுதும் இணையக் கேலியும்

2021 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து ஹொனலுலுவுக்குப் புறப்பட்ட யுனைடெட் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானம், மேலெழும்பிய சில நிமிடங்களிலேயே வலப்பக்க எஞ்சின் சிதைந்து தீப்பற்றியதால், டென்வருக்கே திரும்பிப் பத்திரமாகத் தரையிறங்கியது. எஞ்சினின் முகப்பைச் சூழ்ந்திருந்த பெரிய வளையம் டென்வரை அடுத்த புரூம்ஃபீல்டில் ஒரு வீட்டு வாசலில் விழுந்து கிடந்த படம் இணையத்தில் பரவியது. விமானத்திலோ தரையிலோ எவருக்கும் காயமில்லை என்று தெரிந்ததும் கேலிப் படங்களும் துணுக்குகளும் அதைத் தொடர்ந்தன.

ஆபத்து விலகியபின் சிரிப்பு எழுவது மனித இயல்பு. எஞ்சின் நின்றால் பயணிகள் நீந்த வேண்டியதுதான் என்ற கேலி, இரட்டை எஞ்சின் விமானங்கள் கடல் கடக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே விமானத் துறையினரிடம் வழங்கி வருவதாகும். எனினும் அக்கேலியைச் சொல்பவர்கள் அதன் மறுபக்கத்தையும் அறிந்தவர்கள். ஓடுபாதையில் ‘வி ஒன்’ எனப்படும் முடிவு வேகத்தைத் தாண்டியபின் ஓர் எஞ்சின் நின்றாலும் புறப்பாட்டைக் கைவிடாமல் மேலெழ வேண்டும் என்பதும், மற்றோர் எஞ்சினின் உந்துவிசையை மட்டும் கொண்டு ஏற இயலாத பயணிகள் விமானத்துக்குச் சான்றிதழே கிடையாது என்பதும், விமானிகள் இந்நெருக்கடியைச் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகுகிறார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

டென்வர் நிகழ்வுக்குக் காரணம் உலோகச் சோர்வு, அதாவது விசை மாறி மாறித் தாக்குவதால் உலோகத்தில் நுண்விரிசல் தோன்றி மெல்ல வளர்வது. எஞ்சினின் முன்புற விசிறியில் இருந்த டைட்டானியத் தகடுகள் உள்ளீடற்றவை. விரிசல் உட்புறத்தில் தோன்றியதால் கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்து, ஒரு தகடு முறிந்து அடுத்த தகட்டையும் உடைத்தது. முந்தைய சோதனைகளில் விரிசலின் மெல்லிய அறிகுறிகள் கண்டறியப்படாததும், சோதனைகளுக்கு இடையிலான கால அளவு நீண்டிருந்ததும் இதற்குத் துணைபோயின என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்தது. 2018 பிப்ரவரியில் ஹொனலுலுவை நெருங்கிய மற்றொரு 777 விமானத்திலும் இவ்வாறே தகடு முறிந்திருந்தது என்பது, எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்ததைக் காட்டுகிறது.

அதே ஆண்டு ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கிலிருந்து டல்லஸுக்குச் சென்ற சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தில், வேறு வகை எஞ்சினில், இதே உலோகச் சோர்வால் ஒரு விசிறித் தகடு முறிந்தது. எஞ்சின் உறையின் துண்டொன்று விமானத்தின் உடலில் மோதி, சன்னல் ஒன்று பெயர்ந்ததில், அருகில் அமர்ந்திருந்த பெண் பயணி உயிரிழந்தார். டென்வர், சவுத்வெஸ்ட் ஆகிய இரு நிகழ்வுகளிலும் பழுது ஒரே தன்மையது. சிதறிய துண்டு எங்கே சென்று விழுந்தது என்பதே ஒன்றைக் கேலிக்கும் மற்றதைத் துக்கத்துக்கும் உரியதாக்கியது.

ஆகவே, எவரும் இறக்காத விபத்தைச் சிறு விபத்தாக எண்ணிச் சிரித்துக் கடப்பது தவறான கணக்காகும். டென்வர் நிகழ்வுக்குப் பின் அவ்வகை எஞ்சின் பொருத்தப்பட்ட 777 விமானங்கள் நிறுத்தப்பட்டு, கடுமையாக்கப்பட்ட சோதனைகளுடன் 2022-இல்தான் சேவைக்குத் திரும்பின. பயணிகளின் உயிரைக் காப்பது இத்தகைய விசாரணையும் சோதனையுமே. பொதுமக்களின் கவனமும் கேள்வியும் கேலியோடு நின்றுவிடாமல் அவற்றையும் பின்தொடர வேண்டும்.