இழுத்தால் படிகமாகும் ரப்பர்

மாணவர்களே, அகலமான ரப்பர் வளையம் ஒன்றைச் சட்டென இழுத்து, இழுத்தபடியே உதட்டில் வைத்துப் பாருங்கள். இளஞ்சூடாக இருக்கும். ஏன்?

செபராங் பிறைத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய பால்மரம் தரும் ரப்பர் ஒரு பாலிமர். ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி அது. 1925இல் நெதர்லாந்து அறிவியலாளர் ஜே. ஆர். காட்ஸ் ரப்பரினூடே எக்ஸ்-கதிரைச் செலுத்தினார். அக்கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 0.1 நானோமீட்டர்; அணுக்களின் இடைவெளியும் அந்த அளவுதான். ஆகவே, கதிர் சிதறும் விதம் அணுக்களின் அடுக்கைக் காட்டிக்கொடுக்கும்.

இழுக்காத ரப்பர் மங்கலான வளையத்தையே தந்தது. சங்கிலிகள் இடியாப்பம்போல் சிக்கிக் கிடந்தன. பல மடங்கு இழுத்ததும் தெளிவான புள்ளிகள் தோன்றின. சங்கிலிகள் அணிவகுத்துப் படிகமாகியிருந்தன. விட்டதும் புள்ளிகள் மறைந்தன. சங்கிலிகள் ஒழுங்காகும்போது வெளியேறும் வெப்பமே உங்கள் உதடு உணர்ந்த சூடு.

ரப்பரில் கீறல் விழுந்தால் அதன் நுனியில்தான் இழுவிசை மிகுதி. அங்கே உருவாகும் படிகங்கள் கீறல் பரவாமல் தடுக்கின்றன. விமான டயர்களில் இன்றும் இயற்கை ரப்பரைப் பயன்படுத்த இதுவும் ஒரு காரணம். மரம் தன் சங்கிலியை ஏறக்குறைய ஒரே அமைப்பில் கோத்திருப்பதால்தான் அவ்வாறு அணிவகுக்க முடிகிறது.