மூன்று வயலின்கள், ஒரே வாசிப்பு

கச்சேரி நடுவில் தந்தி அறுந்துவிட்டால் என்ன செய்வது? 1986-இல் 14 வயதுச் சிறுமி ஒருவர் வாசித்தே அதற்குப் பதில் சொன்னார்.

அவர் பெயர் மிதோரி. 1971-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் பிறந்தவர். வயலின் கலைஞரான தாயாரே முதல் குரு. மும்பையில் பிறந்த இசை நடத்துநர் சுபின் மேத்தா, 1982-இல் நியூயார்க் பில்ஹார்மானிக் குழுவுடன் அவரை மேடையேற்றினார். அப்போது மிதோரிக்கு வயது 11.

1986 ஜூலையில் அமெரிக்காவின் டாங்கிள்வுட் இசை விழா. பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்தியவர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன். வாசித்ததும் அவர் எழுதிய 'செரினேட்' என்ற படைப்புதான். கடைசிப் பகுதியில், உச்ச ஸ்தாயிக்குரிய மெல்லிய தந்தி அறுந்தது. மிதோரி சட்டென்று குழுவின் முதல் வயலின் கலைஞரிடம் திரும்பி, அவருடைய வயலினை வாங்கித் தொடர்ந்தார். தாம் பழகியதைவிட அது அளவில் பெரியது. அதிலும் அதே தந்தி அறுந்தது! இன்னொரு வயலின் கைமாறி வந்தது. வாசிப்பு குலையாமல் நிறைவுற்றது. பெர்ன்ஸ்டைன் அவரைக் கட்டித் தழுவினார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது.

1992-இல் நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கும் தொண்டு அமைப்பைத் தொடங்கினார் மிதோரி. 2007-இல் ஐ.நா. அவரை அமைதித் தூதராக நியமித்தது.

அன்று தந்திகள்தாம் அறுந்தன, சாதகம் கைவிடவில்லை.