இரு குடும்பத்திலும் இல்லாத நோய் குழந்தைக்கு எப்படி வந்தது?

ரெட்டினோபிளாஸ்டோமா விழிப்புணர்வு வாரத்தையொட்டி, குழந்தைகளின் விழித்திரையில் வரும் இந்தப் புற்றுநோய் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “மரபணுக் கோளாறு என்கிறார் டாக்டர். எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்கும் இது கிடையாதே?” அதற்கடுத்த வரியில், கிரகணத்தின்போது வெளியே போனாள், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று பழி தாயின் மீது விழுந்திருக்கிறது. இதைத் தெளிவுபடுத்தாமல் வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

இந்த நோயின் வேர், 13வது குரோமோசோமில் உள்ள ஆர்பி1 மரபணு. செல் கண்டபடி பெருகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள் இருக்கும். இரண்டு பிரேக் உள்ள வண்டிபோல, ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். 1971இல் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் நட்சன் 48 குழந்தைகளின் பதிவேடுகளைப் பார்த்தார். எந்த வயதில் நோய் தெரிந்தது, ஒரு கண்ணிலா இரண்டிலா என்ற விவரங்களை வைத்துக் கணக்குப் போட்டே, புற்று உருவாக இரண்டு பழுதுகள் தேவை என்று சொல்லிவிட்டார். அந்த மரபணு கைக்குக் கிடைத்தது 1986இல்தான்!

சில குழந்தைகளுக்கு முதல் பழுது கருவிலேயே எல்லாச் செல்களிலும் இருந்துவிடுகிறது. விழித்திரையின் லட்சக்கணக்கான செல்களில் எங்காவது இன்னொன்று சேர்ந்தால் போதும். அதனால்தான் இவர்களில் பலருக்கு ஒரு வயதுக்குள் இரு கண்ணிலும் வருகிறது. மற்றக் குழந்தைகளுக்கு இரண்டு பழுதும் ஒரே செல்லில், பிற்பாடு நேர வேண்டும். எனவே ஒரு கண்ணில் மட்டும், சற்றுத் தாமதமாக வருகிறது.

கருவிலேயே இருக்கும் அந்த முதல் பழுதும் பெரும்பாலும் பெற்றோரிடம் இருந்ததல்ல, புதிதாக உண்டானது. அப்படிப் புதிதாக உண்டாவதும் மிகப் பெரும்பாலும் தந்தையின் விந்தணு உருவாகும்போது மரபணு பிரதியெடுக்கப்படுவதில் நேரும் பிழைதான். தாய் சாப்பிட்டதோ கிரகணமோ காரணமல்ல. தந்தையும் குற்றவாளியல்ல, அவர் செய்த எதனாலும் அது வரவில்லை.

விழிப்புணர்வு வாரச் சுவரொட்டிகளில் காணும் “95 சதவீதம் குணமாகும்” என்ற வாசகத்தை அப்படியே ஏற்க முடியாது. அது வசதியான நாடுகளின் கணக்கு. 153 நாடுகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வின்படி, பணக்கார நாடுகளில் நோய் 14 மாத வயதில் பிடிபடுகிறது. ஏழை நாடுகளில் 30 மாதத்தில். அங்கே பாதிக் குழந்தைகளுக்கு அதற்குள் கண்ணைத் தாண்டிப் பரவிவிட்டிருந்தது. பணக்கார நாடுகளில் அப்படி இருந்தது 1.5 சதவீதம்தான். எப்போது கண்டுபிடித்தால் குணமாகும் என்பதைச் சொல்லாத சதவீதம் பெற்றோருக்கு உதவாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறதே? கேமரா கோணத்தாலும் அப்படி விழலாம். ஆனாலும் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து உடனே பரிசோதிக்க வேண்டும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்கிறார்களே? இந்த நோயின் முக்கிய அறிகுறிகளில் அதுவும் ஒன்று, காட்டுங்கள்.

ஊசியால் சதை எடுத்துச் சோதிப்பார்களா? வழக்கமாக மாட்டார்கள், புற்று வெளியே கசியக்கூடும்.

கண்ணை எடுத்தே ஆக வேண்டுமா? ஆரம்பத்தில் தெரிந்தால் கீமோ, லேசர், உறைநிலைச் சிகிச்சை உண்டு. எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள், புற்று பார்வை நரம்பு வழியே மூளைக்குப் போகும்.

தம்பி, தங்கைக்கு வருமா? நோயுள்ள குழந்தையின் மரபணுப் பழுது எதுவென்று முதலில் கண்டறிந்து, தம்பி, தங்கைக்கும் அது உண்டா என்று பார்த்துவிட்டால், அது இல்லாத பிள்ளைக்கு மாதாமாதம் மயக்கம் கொடுத்துக் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை.